பஞ்சாட்சரத்தின் அரிப்பும் வேடியப்பன் உத்தரவும்

நெல்லிக்கொல்லையில் எந்தக் காரியமானாலும் முதலில் ஊர்ச்சாமி வேடியப்பனிடம் உத்தரவு கேட்க வேண்டும். அவர் உத்தரவு கொடுப்பது பஞ்சாட்சரத்தின் முதுகு வழியாக. சிரிக்காதீர்கள். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலையில் நாலு கிலோமீட்டர் மேடேறி வந்து ஊர்க்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள், கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணுவார்கள்.

முன்பெல்லாம் இந்த வேலையைப் பல்லிதான் பார்த்துக்கொண்டிருந்தது. பூசாரி அருள் கற்பூரம் ஏற்றுவார். ஊர்த் தலைவரான நாட்டார் சின்னதம்பி கேள்வியைக் கேட்பார். ஊரே கைகட்டி அசையாமல் நிற்கும். கற்பூரம் அணைவதற்குள் பல்லி சத்தம் கொடுத்தால் செய்யலாம், கொடுக்காவிட்டால் செய்யக் கூடாது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான், கோயிலுக்குள் டைல்ஸ் ஒட்டிப் பெயின்ட் அடித்தால் பளிச்சென்று இருக்குமே என்று யோசனை சொன்னார். அடித்தார்கள். அந்த நாற்றம் தாங்காமல் பல்லிகள் குடும்பத்தோடு காட்டுக்குக் குடிபோய்விட்டன. சாமி பாவம், பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த ஆடி மாதம் சாமை விதைக்க உத்தரவு கேட்டு ஊர் கூடியபோது கூட்டத்தில் பஞ்சாட்சரமும் நின்றார். அவருக்கு அப்போதே மூன்று வருஷ அரிப்பு. சாமி முன்னால் சொறியக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காது சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. நாட்டார், "சாமை விதைக்கலாமா, சாமி?" என்று கேட்ட அதே நொடியில் மனுஷனுக்குப் பொறுக்க முடியாமல் போனது. இரண்டு கையையும் முதுகுக்குக் கொண்டுபோய் அவர் பரக் பரக்கென்று சொறிந்த சத்தம் புது டைல்ஸில் பட்டுக் கோயில் முழுக்கக் கேட்டது. அடிக்கத்தான் போனார்கள். பூசாரி அருள்தான், "இருங்கடா, கற்பூரம் இன்னும் அணையல" என்று தடுத்தார். விதைத்தார்கள். மூன்றாம் நாள் நல்ல மழை. அவ்வளவுதான், பல்லியின் வேலை பஞ்சாட்சரத்துக்கு வந்து சேர்ந்தது.

இதில் ஒரே ஒரு சங்கடம். பல்லிக்குச் சில நாள் கத்த மனசிருக்காது. பஞ்சாட்சரத்துக்கோ அரிக்காத நாளே கிடையாது. ஆகவே ஒன்பது வருஷமாக வேடியப்பன் எதற்குமே மாட்டேன் என்று சொன்னதில்லை. தெருவிளக்கை நாட்டார் வாசலில் நடலாமா? நடலாம். திருவிழாவுக்கு நாலு ஸ்பீக்கர் கட்டலாமா? கட்டலாம். எட்டு? அதுவும் கட்டலாம். ஐம்பத்தெட்டு வயதில் நாட்டார் மீசைக்கு மை பூசலாமா? தாராளமாக. இப்படி வாரி வழங்குகிற சாமி இந்த மலையிலேயே வேறு கிடையாது என்று ஊருக்கு ஒரே பெருமை.

சரி, அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் பட்ட பாட்டை யாராவது கேட்டார்களா? ஒரு பயல் கேட்கவில்லை. கொசு கடித்தால் சொறிந்துவிட்டு மறந்துபோகிறோமே, அந்த அரிப்பென்று நினைத்துவிடாதீர்கள். கை, கால், முதுகெல்லாம் புளியங்கொட்டை அளவுக்கு முடிச்சு முடிச்சாகத் தடித்து, கறுத்து, சொறியச் சொறிய ரத்தம் கசிந்தது. சீப்பால் சொறிந்தார், சோளக்கட்டையால் சொறிந்தார், செங்கல்லால்கூடச் சொறிந்தார். எருமைக்குப் போட்டியாகப் புளியமரத்தில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து மரத்தின் ஒரு பக்கம் வழவழவென்று ஆகிவிட்டது. வேப்பிலை, குப்பைமேனி, கோமியம், மருந்துக்கடைக் களிம்பு எல்லாம் பூசியாயிற்று. பத்தியம் சொல்ல மட்டும் ஊரில் பஞ்சமே இல்லை. ஒருத்தர் கருவாட்டை நிறுத்தச் சொன்னார், இன்னொருத்தர் கத்திரிக்காயை நிறுத்தச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகக் கத்திரிக்காயைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அரிப்பு அதற்கெல்லாம் அசரவில்லை.

தூக்கம் போனதுதான் பெரிய கொடுமை. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பகலில் ஏரைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவார், மாடு திரும்பிப் பார்க்கும். வீட்டுக்காரி கன்னியம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பார்க்க அழுகையும் வரும், எரிச்சலும் வரும். "செத்துப்போலாம்னு இருக்குது, கன்னி" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் சோறு வடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீடு வீடாகப் பிரஷர் பார்க்க வந்த கிராம நர்ஸ் ரம்யா, பஞ்சாட்சரத்தின் சட்டையில் ரத்தக் கறையைப் பார்த்தாள். ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண். வாய் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. "இன்னாண்ணா இது, கோழி அறுத்தீங்களா?" என்று கேட்டவள், சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்ததும் பிரஷர் மெஷினை மூடிவைத்தாள். மறுநாளே இரண்டு பேரையும் பஸ் ஏற்றிக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே தோல் டாக்டர் ஃபாயிசா, வாணியம்பாடிக்காரர். ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள், துளி சதை எடுத்தார்கள், மூன்று மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஐயா, தப்பு உங்க தோல்ல மட்டும் இல்ல. உள்ள ஒரு காவல்காரன் இருக்கான். திருடனே வராம 'திருடன் திருடன்'னு கத்திட்டே இருக்கான். அதுதான் அரிப்பு. நீங்க இத்தனை நாளா வெளியவே மருந்து பூசினீங்க. இந்த ஊசி உள்ள போய் அந்தக் கத்தலை அடக்கும். பயாலஜிக்னு பேரு. உயிருள்ள செல்லுல வளர்த்து எடுக்கிற மருந்து."

பஞ்சாட்சரம் பயந்துவிட்டார். "உயிரோடவா கீது? உள்ள போயி ஓடுமாம்மா?"

"ஓடாது, ஐயா" என்று டாக்டர் சிரித்தார். "முழுங்கினா சோறு மாதிரி செரிச்சிடும், அதான் ஊசி. பதினஞ்சு நாளைக்கு ஒண்ணு. கண்ணு சிவந்தா, வேற ஏதாவது செஞ்சா உடனே சொல்லணும். நல்லாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, நிறுத்தினா திரும்பி வந்துடும். இன்னொண்ணு, இது இலவசத் திட்டத்துல வர்ற மருந்து. முதல் நாலு மாசம் ஒரு ஊசி தவறினாலும் உங்க பேரை எடுத்துட்டு, வரிசையில நிக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

கன்னியம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கத்திரிக்கா?"

"தாராளமா சாப்பிடட்டும்" என்றார் டாக்டர்.

முதல் நாள் இரண்டு ஊசி. அப்புறம் பதினைந்து நாளைக்கு ஒன்றாக, ரம்யாவே ஐஸ் பெட்டியில் வைத்து ஸ்கூட்டியில் கொண்டுவந்து தொடையில் போட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் விடிந்து எழுந்த கன்னியம்மாளுக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்தில் சொறிகிற சத்தமே இல்லை. ஆள் அசையவும் இல்லை. மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. கூடவே குறட்டையும் வந்தது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறட்டையைக் கேட்டு ஆனந்தப்பட்ட பெண்சாதி அந்த மலையில் அவள் ஒருத்திதான்.

பஞ்சாட்சரத்துக்கோ தலைகால் புரியவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரலாம் என்பதே மறந்துபோயிருந்தது. மடியில் வைத்துப் பார்த்தார், தலைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். எண்ணெய்க் கத்திரிக்காயைத் தட்டோடு வழித்துச் சாப்பிட்டார். தான் ஊருக்குப் பல்லி என்பதை அந்தச் சந்தோஷத்தில் சுத்தமாக மறந்தே போனார்.

ஆடி பிறந்து நல்ல மழை பெய்தது. சாமை விதைக்க உத்தரவு கேட்க ஊர் கூடியது. கற்பூரம் எரிந்தது. நாட்டார் கேள்வி கேட்டார். பஞ்சாட்சரம் வழக்கமான இடத்தில் கைகட்டி, முகமெல்லாம் சாந்தமாக நின்றார். கற்பூரம் எரிந்து அணைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

ஊர் ஆடிப்போய்விட்டது. ஒன்பது வருஷத்தில் சாமி முதல் தடவையாக மாட்டேன் என்கிறது. இன்னொரு கற்பூரம் ஏற்றினார்கள். அதுவும் அணைந்தது. அப்போதுதான் பஞ்சாட்சரத்துக்கு உறைத்தது.

"நாட்டாரே, மன்னிக்கணும். எனக்கு அரிப்பு போய்ட்டுதுங்க" என்றார்.

ஒருத்தனை ஊர் அப்படி முறைத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "போய்ட்டுதா? யாரைக் கேட்டு போச்சு?" என்று நாட்டார் சின்னதம்பி மை பூசின மீசை துடிக்கக் கத்தினார். "சாமி வாயில போயி ஊசி போட்டு அடைச்சிட்டு வந்து நிக்கிறியே, நெலம் காயுது, வெதை வூட்ல கெடக்குது, நாங்க இன்னா பண்றது? அறுப்பு முடியற வரைக்கும் ஊசியும் வாணாம், ஒண்ணும் வாணாம். அரிப்பு வரட்டும்."

பஞ்சாட்சரம் விரல் விட்டு நாள் எண்ணிப் பார்த்தார். அடுத்த ஊசி வியாழக்கிழமை. அதை விட்டால் பேர் போயிற்று. பேர் போனால் பழையபடி சோளக்கட்டை, செங்கல், புளியமரம். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் இருபது நாள் தூங்கியிருக்கிற மனுஷனிடம் போய் அதைப் பிடுங்குகிறேன் என்றால் எப்படி இருக்கும்?

கன்னியம்மாள்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "எதுக்கெடுத்தாலும் சாமியக் கேக்கறீங்களே, இதுக்கு மட்டும் நீங்களே தீர்ப்பு சொன்னா எப்படி? ஊசி போடலாமா வாணாமான்னு சாமியையே கேளுங்க."

கூட்டம் தலையாட்டியது. நியாயம்தானே. வியாழக்கிழமை காலையில் கேட்பதென்று முடிவாயிற்று. ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த கன்னியம்மாள், திடீரென்று ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ! சாமி சரின்னு சொல்லணும்னா நீதான சொறியணும்?"

"ஆமா."

"உனக்குத்தான் அரிக்கலியே!"

"அதத்தான் நானும் அப்பத்துல இருந்து யோசிக்கிறேன்" என்றார் பஞ்சாட்சரம்.

ஊசி வேலை செய்கிறது, அதனால் அரிக்காது. அரிக்காவிட்டால் ஊசி போடக் கூடாது. அரித்தால் போடலாம், ஆனால் அரித்தால் ஊசியே தண்டம் என்று ஆகிவிடும். இரண்டு பேரும் அன்று முழுக்க இதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். கன்னியம்மாள் நாட்டாரிடமே போய், "ஊசியை நிறுத்தலாமான்னு கேளுங்களேன்" என்று சொல்லிப் பார்த்தாள். சத்தம் வராவிட்டால் நிறுத்தக் கூடாது என்று ஆகிவிடுமே. நாட்டார் லேசுப்பட்டவரா? "புதுக்காரியத்துக்குத்தான் உத்தரவு கேக்கறது. ஊசிதான் புதுக்காரியம். போடலாமான்னுதான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப சும்மாவாச்சும் ஒரு தரம் சொறிஞ்சிட்டு வந்துடுய்யா" என்றாள் கன்னியம்மாள்.

பஞ்சாட்சரத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமி முன்னாடி பொய்ச் சொறி சொறியச் சொல்றியா? ஒம்போது வருசமா ஒரு தடவகூட நான் அங்க பொய்யா சொறிஞ்சதில்ல. சத்தியத்துக்குச் சொறிஞ்ச கை இது!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. அவருக்கும்தான்.

வியாழக்கிழமை ரம்யா ஒன்பது மணிக்கே ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஊசியைப் பெட்டியிலிருந்து எடுத்து, கோயில் படியில் ஒரு சுத்தமான துணி மேல் வைத்தாள். "குளிர் போக முக்கால் மணி நேரம் ஆவும். அதுக்குள்ள உங்க சாமி, கற்பூரம் எல்லாத்தையும் முடிச்சிக்குங்க. எனக்கு இன்னும் ரெண்டு ஊரு போவணும்" என்று நாட்டாரைப் பார்த்துச் சொன்னாள்.

ஊர் முழுக்க வந்திருந்தது. பூசாரி அருள் பெரிய கட்டியாகவே கற்பூரம் வைத்தார், அவருக்குப் பஞ்சாட்சரம் மேல் கொஞ்சம் இரக்கம். நாட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேடியப்பா, பஞ்சாட்சரம் அந்த அரிப்பு ஊசியைப் போட்டுக்கலாமா?" என்று கேட்டார்.

பஞ்சாட்சரம் கைகட்டிக் கண்ணை மூடினார். 'சாமி, ஒரே ஒரு இடத்துல, ஒரு துளி அரிப்பு கொடு. இவ்ளோ வருசம் கேக்காமலே கொடுத்தியே' என்று மனசுக்குள் கெஞ்சினார். காதோரம் அரிக்கிற மாதிரி இருந்தது. கவனித்துப் பார்த்தால் இல்லை. அக்குளைக் கவனித்தார், அங்கேயும் இல்லை. உள்ளங்காலில் ஒன்றும் இல்லை. டாக்டரம்மா அந்தக் காவல்காரனை நன்றாகவே அடக்கி வைத்திருந்தார். உடம்பு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அப்போது அவருக்கு வினையாக நின்றது.

ஊரோ கண்ணைக் கொட்டாமல் அவரையே பார்த்தது. எங்கே அரிக்கும், முதுகிலா, தோளிலா, முட்டியிலா என்று நூறு பேரும் அவர் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அரிப்பையே நினைத்துக்கொண்டு, கையையும் கட்டிக்கொண்டு, அசையாமல் நின்று பாருங்கள், அப்புறம் தெரியும். கற்பூரம் பாதி எரிந்தபோது நாட்டாரின் மீசை ஒரு பக்கமாக இழுத்தது. மூக்கைச் சுளித்தார். தோளைக் குலுக்கினார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? ஐயோ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, வேட்டிக்குள் கையை விட்டு இடுப்பைப் பரக் பரக்கென்று சொறிய ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவர் கழுத்தைச் சொறிந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்கள் கையைச் சொறிந்தார்கள். ஒருவர் முதுகு எட்டாமல் முன்னால் நின்றவரின் தோளில் போய் உரசினார், அவர் திரும்பி இவர் முதுகில் உரசினார். பூசாரி அருள் தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தலையைச் சொறிந்தார். ரம்யாகூட, "சே, இன்னாது இது" என்று முழங்கையைச் சொறிந்துகொண்டாள். கோயில் முழுக்கச் சோளம் உதிர்க்கிற மாதிரி சத்தம். அத்தனை பேர் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, தோல் அமைதியாக, ஒரே ஒரு ஆள் நின்றார். பஞ்சாட்சரம் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, செத்துச் சொர்க்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் மலைத்துப் போனார்.

"நாட்டாரே!" என்று கன்னியம்மாள் இடுப்பைச் சொறிந்துகொண்டே கூவினாள். "உத்தரவு வந்துடுச்சு! கற்பூரம் இன்னும் எரியுது, எல்லாரும் பாத்துக்குங்க!"

"எங்க வந்துது? அவன் சொறியவே இல்லியே!"

"மொதல்ல நீங்க வேட்டியில இருந்து கைய எடுத்துட்டுப் பேசுங்க."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. நாட்டார் கையை எடுத்தார், முடியவில்லை, திரும்ப உள்ளேயே விட்டார். பூசாரி அருள்தான் முடித்துவைத்தார். "ஒருத்தன் முதுகுல சொன்னாலே அது உத்தரவு. இன்னைக்கி ஊரு முதுகு மொத்தத்துலயும் சொல்லிட்டாரு. இதுக்கு மேல சாமி எழுதியா கொடுக்கணும்?"

கற்பூரம் அணைந்தது. ரம்யா மணியைப் பார்த்துவிட்டு, பஞ்சாட்சரத்தைப் படியிலேயே உட்காரவைத்து, வேட்டியை ஒதுக்கி, தொடையைத் துடைத்து ஊசியை ஏற்றினாள். ஊரே குனிந்து பார்த்தது. நாட்டார் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசியென்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

"அப்ப சாமை?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். பூசாரி இன்னொரு கற்பூரத்தை எடுத்தார். "வாணாம் வாணாம்!" என்று நாலா பக்கமும் அலறினார்கள். இன்னொரு தடவை அந்த அரிப்பை யார் தாங்குவது? எல்லாரும் என்ன செய்வதென்று தெரியாமல் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள்.

அவர் பஞ்சைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னாத்துக்குய்யா என் மூஞ்சியப் பாக்கறீங்க? மழை பேஞ்சிருக்குது. மண்ணு பதமா கீது. இன்னும் ரெண்டு நாள் போனா இறுகிடும். போயி வெதைங்க."

நாட்டார் சின்னதம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பஞ்சாட்சரம் சொல்லிட்டான் இல்ல? இன்னும் இன்னா நின்னுக்குனு? போயி ஏரு பூட்டுங்கடா" என்றார். ஒன்பது வருஷமாக அவர் முதுகைக் கேட்ட ஊர், அன்றைக்கு அவர் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கலைந்து கொல்லை நிலங்களுக்கு நடந்தது.

பஞ்சாட்சரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று இறங்கியது.

"இன்னாய்யா, ஊசி வலிக்குதா?" என்று கன்னியம்மாள் பதறினாள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டில் இருந்த விதைக் கூடையை எடுக்கப் போனார்.